மேதைகள் வழுக்கி விழுந்த சீசன்

ஒலிம்பிக்குக்கு ஜோதி ஏந்தி ஓடுகிறார்களே, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. போய்ச் சேருகிற இடத்திலும் ஓட்டம்தான். ஐந்து மணி நேரம் உட்கார்ந்தே ஆடுகிற ஆட்டத்துக்கு எதற்கய்யா ஜோதி ஓட்டம்? ஆனாலும் ஓடினார்கள். 2022 ஜூன் 19 அன்று டெல்லியில் பிரதமர் கையிலிருந்து விஸ்வநாதன் ஆனந்த் கைக்கு வந்த செஸ் ஒலிம்பியாட் ஜோதி, 40 நாளில் 75 ஊர் சுற்றியது. போட்டி மாமல்லபுரத்தில். ஜோதியோ கடல் தாண்டி எங்கள் போர்ட் பிளேருக்கும் வந்து போனது. டெல்லியிலிருந்து மாமல்லபுரத்துக்கு அந்தமான் வழியாகப் போவது, செஸ் குதிரைக்கு மட்டுமே தோன்றக்கூடிய ரூட்!

அந்தமானில் செஸ் ரசிகனாக இருப்பதே ஒரு தவம். 2020 ஆகஸ்ட் வரை எங்கள் இன்டர்நெட் செயற்கைக்கோளை நம்பிப் பிழைத்தது. லைவ் ஆட்டத்தைத் திறந்தால், ஒரு சிப்பாய் ஒரு கட்டம் நகர்வதற்குள் டீ ஆறி ஏடு படிந்துவிடும். அப்புறம் சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டருக்குக் கடலடி கேபிள் போட்டார்கள். ஆன்லைன் கல்வி, டெலிமெடிசின் என்று பெரிய பெரிய காரணமெல்லாம் சொன்னார்கள். நான் செஸ் பார்த்தேன்.

அப்படிப் பார்த்த 2022 சீசனில் என் டாப் 5 இதோ. கம்ப்யூட்டர் தலையாட்டிப் பாராட்டிய ஆட்டங்களை இதில் தேடாதீர்கள். மேதைகள் நம்மைப் போலவே சறுக்கிய இடங்களைத்தான் பொறுக்கியிருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

ஐந்தாவது இடம்: கார்ல்சனின் ஒரே மூவ். செப்டம்பரில் செயின்ட் லூயிஸில், 53 ஆட்டங்களாகத் தோற்காத, அப்போதைய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன், 19 வயது ஹான்ஸ் நீமனிடம் தோற்றார். மறுநாள் போட்டியை விட்டே கிளம்பிவிட்டார். விளக்கம்? 'வாயைத் திறந்தால் வம்பு' என்கிற தொனியில் ஒரு ஃபுட்பால் கோச் பேசும் வீடியோவை ட்வீட் செய்தார். கல்யாண வீட்டில் கோபித்துக்கொள்கிற சம்பந்திகூட இதைவிடத் தெளிவாகப் பேசுவார்! அதே மாதம் ஆன்லைனில் மறுபடியும் நீமன். கார்ல்சன் குதிரையை ஒரு தடவை நகர்த்தினார், ரிசைன் செய்தார், கேமராவை அணைத்தார். ரசிகர்கள் கிளப்பிய புரளிகளைக் குடும்பப் பத்திரிகையில் எழுத முடியாது. நீமன் நேருக்கு நேர் ஆட்டத்தில் ஏமாற்றியதற்கோ ஆதாரம் கிடைக்கவில்லை. கடைசியில் உலக செஸ் அமைப்பான ஃபிடே 10,000 யூரோ அபராதம் போட்டது, கோபித்துக்கொண்ட சம்பந்திக்கு!

நான்காவது: பிரக்ஞானந்தாவின் நடுராத்திரிகள். பிப்ரவரியில் ஆன்லைனில் கறுப்புக் காய்களோடு 39 மூவில் கார்ல்சனைச் சாய்த்தார், வயது 16. 'அடுத்து என்ன?' என்றார்கள். 'தூங்கணும்' என்கிற ரீதியில் பதில் வந்தது. மே மாதம் மறுபடி மோதல். டிராவை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்த ஆட்டத்தில், 40-வது மூவில் கார்ல்சன் ஒரு குதிரையைச் சும்மா தாரை வார்த்தார். 'இப்படி ஜெயிக்க எனக்கு இஷ்டமில்லை' என்று பையன் சங்கடப்பட்டார். அதே போட்டியின் அரையிறுதியில் அனீஷ் கிரியை வென்று முடிக்க மணி ராத்திரி இரண்டு. காலை 8.45-க்கு ஸ்கூல், அங்கே பரீட்சை! உலக சாம்பியனை வீழ்த்தினாலும் நம் ஊரில் பரீட்சையை வீழ்த்த முடியாது.

மூன்றாவது: ஹரிகா. மாமல்லபுரத்தில் துரோணவல்லி ஹரிகா ஒன்பது மாத கர்ப்பிணியாக வந்து ஆடினார். ஒரே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்து ஆடுவதை எந்த நடுவரும் ஆட்சேபிக்கவில்லை. கடைசிச் சுற்று வரை நம் பெண்கள்தான் முன்னிலை. கழுத்தில் தங்கம் தொங்குவதாகவே நானும் கற்பனை செய்துகொண்டிருந்தேன். அமெரிக்கா 3-1 என்று அடித்தது. தங்கம் வெண்கலமாக மாற ஒரே ஒரு மதியம் போதும் என்பது ரசவாதிகளுக்கே தெரியாத ரகசியம்.

இரண்டாவது: குகேஷ் – கார்ல்சன், அக்டோபர் 16. 29 மூவில் கதை முடிந்தது. உலக சாம்பியன் கார்ல்சனை வீழ்த்தியவர்களிலேயே இளையவர் என்ற பிரக்ஞானந்தாவின் பெருமை எட்டு மாதம்கூட நிலைக்கவில்லை. பறித்தவர் யார்? இன்னொரு பொடியன், குகேஷ்!

முதலிடம்: குகேஷ் தோற்ற ஆட்டம். ஆமாம், தோற்றதுதான். ஒலிம்பியாடில் முதல் எட்டு ஆட்டங்களையும் வரிசையாக ஜெயித்திருந்தார். எட்டாவதில் அடிவாங்கியவர் அமெரிக்காவின் கருவானா. நம் 'ஏ' டீம் இருக்க, குகேஷ் மாதிரிப் பொடியன்கள் நிறைந்த 'பி' டீம்தான் ஊரைக் கலக்கியது. பத்தாவது சுற்றில் உஸ்பெகிஸ்தானின் அப்துசத்தோரோவ். குகேஷ் பக்கம் ஆட்டம் கனிந்து தொங்குகிறது. டிரா பண்ணிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். பையன் ஜெயிக்கப் பார்த்தார். கடிகாரம் விரட்டியது, கை அவசரப்பட்டது, குதிரை போயிற்று. முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தங்கம் உஸ்பெகிஸ்தானுக்கு, வெண்கலம் பி டீமுக்கு. ஏ டீமுக்கு? நான்காவது இடம்!

'தோல்வியைப் போய் முதலிடத்தில் வைக்கிறாயே' என்று நண்பர்கள் சண்டைக்கு வருகிறார்கள். இரண்டு வருடம் தள்ளி, 2024 டிசம்பர் 12, சிங்கப்பூருக்கு வாருங்கள். உலக சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம். எங்கள் ஹேவ்லாக் தீவின் ராஜன் யானை கடலிலேயே தடுமாறாமல் நீந்தியது. குகேஷின் எதிராளி டிங் லிரனின் யானையோ 55-வது மூவில் 64 கட்டத்துக்குள் கால் இடறியது. இந்த முறையும் டிராவோடு போய்விடாமல் விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தவர் குகேஷ்தான். 18 வயதில் உலக சாம்பியன்!

அன்றும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும், காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் அடுக்கி வைத்தார்.