தரவிறங்காமை: ஒரு திணையியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

செல்பேசியில் செயலி இறங்க மறுத்தால் தமிழ்க் குடும்பங்களில் வழங்கும் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: "ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே கஷாயம் ஊற்றும் இம்முறையை இக்கட்டுரை மறுக்கிறது. தரவிறங்காமை ஒரு நோயன்று, ஏழு நோய். அவற்றின் இலக்கணத்தைத் தொல்காப்பியரே வகுத்துவிட்டார் என்பதும், அக்காலத்தில் வைஃபை இல்லாமையால்தான் அதற்குக் காதல் என்று பெயரிட்டார் என்பதும் இவ்வாய்வின் துணிபு.

1. ஆய்வு எல்லை

ஆண்ட்ராய்டு செல்பேசிகள் மட்டுமே இங்கு கொள்ளப்பட்டன. 2008இல் ஆண்ட்ராய்டு மார்க்கெட் என்று திறந்த கடை, 2012 மார்ச் 6 அன்று கூகுள் பிளே என்று பெயர் மாறியது. அதற்கு முந்தைய காலத்தைக் களப்பிரர் காலமாகக் கருதி விட்டுவிடுகிறோம். ஐபோன் வைத்திருப்போர் தமக்கு இக்குறை உண்டு என்று ஒப்புக்கொள்ளாமையால் அவர்களிடமிருந்து தரவு கிட்டவில்லை.

2. அகமும் புறமும்

முதலில் நோய் அகமா புறமா என்று பிரிக்க வேண்டும். பிரவுசரைத் திறந்து, இதுவரை பார்க்காத ஒரு பக்கத்தைத் தேடுக. பார்த்த பக்கம் உதவாது. கருவி அதை நினைவில் வைத்திருந்து காட்டி ஏமாற்றும். பக்கம் வந்தால் குற்றம் அகத்தது: பிளே ஸ்டோர், சேமிப்பிடம். வராவிட்டால் பெரும்பாலும் புறத்தது: ரவுட்டர், சிம், கோபுரம், ரீசார்ஜ். தேதி பிழைத்தாலும் பக்கம் வராது; அது மட்டும் அகத்தது. இந்தச் சிறு சோதனையைச் செய்யாமல் ரவுட்டரைத் தட்டுவோரே நாட்டில் மிகுதி.

3. ஐந்திணை

குறிஞ்சி (புணர்தல்). நிலம்: மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டியருகே. செல்பேசியும் தொலைவிலுள்ள கணினியும் முதன்முதல் கைகோக்கும் இடம். கணினி தன் சான்றிதழை நீட்டும். இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை செல்லும் என்று அதில் இருக்கும். செல்பேசி தன்னிடமுள்ள தேதியோடு ஒத்துப் பார்த்த பிறகே சம்மதிக்கும். பேட்டரி அடியோடு தீர்ந்து பிழைத்தெழுந்த பழைய கருவி சில வேளை 1970 ஜனவரி 1 என்று காட்டும். கணினி உலகம் காலத்தை அங்கிருந்துதான் எண்ணுகிறது. நம் ஊரில் அது விடிகாலை 5.30 மணி. நல்ல நேரம்தான், ஆனால் அச்சான்றிதழ் பிறக்க அரை நூற்றாண்டு பாக்கி. பொருத்தம் கூடாது. தேதியையும் நேரத்தையும் தானாக அமையும்படி விட்டால் தோஷம் நீங்கும்.

முல்லை (இருத்தல்). திரையில் 'பெண்டிங்' என்று நிற்கும். காரணம் மூன்று. ஒன்று, வரிசை: தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும் செயலிகள் முன்னால் நிற்கின்றன, அவற்றை நிறுத்தினால் நம்முடையது நகரும். இரண்டு, பழைய சபதம்: 'வைஃபையில் மட்டும் இறக்கு' என்று என்றோ தேர்ந்துவிட்டு இன்று சிம் டேட்டாவில் காத்திருப்பது. மூன்று, அன்றைய படி தீர்ந்துபோவது: 1.5 ஜிபி முடிந்ததும் பல திட்டங்களில் வேகம் நொடிக்கு 64 கிலோபிட்டாக, அதாவது 8 கிலோபைட்டாக விழும். 40 எம்பி செயலிக்கு அந்த வேகத்தில் ஒரு மணி 23 நிமிடம் ஆகும். கார்காலத்தில் வருவேன் என்று போன தலைவனே தேவலை. அவன் பருவமாவது சொன்னான்.

மருதம் (ஊடல்). ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டு பேசாதிருத்தல். வைஃபை இணைந்திருக்கும், அதன் குறியருகே ஒரு வியப்புக்குறி நிற்கும். வைஃபையில் சேர்ந்ததும் ஆண்ட்ராய்டு கூகுளின் ஒரு முகவரியைக் கூப்பிட்டுப் பார்க்கும். 204 என்ற எண் வந்தால் வெளியுலகம் இருக்கிறது என்று பொருள். கேட்டது காதில் விழுந்தது, சொல்ல ஒன்றுமில்லை என்பதே 204. இல்லறத்தில் சண்டை தொடங்கும் இப்பதில், இணையத்தில் சமாதானத்தின் அடையாளம். அது வராவிட்டால்தான் வியப்புக்குறி: ரவுட்டர் உயிரோடு இருக்கிறது, அதற்கு அப்பால் கேபிள் அறுந்திருக்கிறது அல்லது மாதப் பணம் கட்டவில்லை. ரயில் நிலையங்களில் 204க்குப் பதிலாக உள்நுழைவுப் பக்கம் வரும். ஓடிபி கொடுத்துக் காலில் விழுந்தால் ஊடல் தணியும்.

நெய்தல் (இரங்கல்). நூறு சதவீதமும் இறங்கியபின் கரைசேராமல் கவிழ்வது. 40 எம்பி செயலிக்கு 40 எம்பி இடம் போதாது. பொதியை வைக்க ஓரிடம், பிரித்து விரிக்க இன்னோரிடம் வேண்டும். கள ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ராயப்பேட்டை அத்தையின் 32 ஜிபி செல்பேசி. மின்கட்டணச் செயலி இறங்கிவிட்டது. 'போதிய இடமில்லை' என்றது. கேலரியைத் திறந்தால் பிள்ளையார், முருகன், பனித்துளியோடு ரோஜா, 'இனிய வியாழன்', மூட்டுவலிக்கு முடக்கத்தான் வீடியோ, வேறொரு குழுவிலிருந்து அதே முடக்கத்தான்.

"எதையாவது அழிச்சிரலாமா அத்தை?"

"சாமி படத்தையாடா அழிக்கச் சொல்றே?"

"அப்போ ரோஜா?"

"அது மாமா அனுப்பினதுடா."

மாமா அடுத்த அறையில்தான் இருந்தார். முடக்கத்தான் பலியிடப்பட்டது, மின்கட்டணம் கட்டப்பட்டது.

பாலை (பிரிதல்). பாலைக்குத் தனி நிலமில்லை; குறிஞ்சியும் முல்லையும் வறண்டு பாலையாகும் என்பது மரபு. நன்றாக இறங்கிக்கொண்டிருந்தது பாதியில் அறுவது இது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை உலவும் அதே அலைவரிசையில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் வேலை செய்கிறது. ரவுட்டரைச் சமையலறைச் சுவரில் மாட்டிய வீடுகளில் சாம்பார் சூடாகும் வேளை பிரிவு வேளை. 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் அடுப்புத் தொல்லை இல்லை. ஆனால் அது சுவர் தாண்டச் சோம்பும்.

நெரிசலும் பிரிக்கும். 1986 அக்டோபரில் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜத் தொலைவில், நொடிக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டாகச் சுருங்கியது. ஆராய்ந்த வான் ஜேகப்சன் 1988இல் கட்டுரை எழுதினார். பதில் வராத கணினிகள் அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பி நெரிசலை வளர்த்திருந்தன. அதன்பின் கணினிகள், பொட்டலம் தவறினால் வேகத்தைக் குறைத்துப் பொறுமை காக்கக் கற்றன. 'மீண்டும் முயல்க' பொத்தானைக் கட்டைவிரலால் குத்தும் மனிதருக்கு இந்தத் திருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

4. கைக்கிளையும் பெருந்திணையும்

கோபுரம் பல வாட் வலிமையில் பேசுகிறது; செல்பேசிக்கு வாய்த்த குரலோ பெரும்பாலும் 0.2 வாட். திரையில் தெரியும் கோடுகள் நாம் கோபுரத்தைக் கேட்பதன் அளவு. அது நம்மைக் கேட்கிறது என்பதற்கு உறுதியல்ல. கோடுகள் நிறைந்தும் செயலி இறங்காமைக்கு இந்த ஒருதலைக் காமமும் ஒரு காரணம். சன்னலோரம் நகர்ந்தால் பலன் உண்டு.

'உங்கள் சாதனத்துக்குப் பொருந்தாது' என்று பிளே ஸ்டோர் சொல்வது பெருந்திணை. கருவிக்கு வயதாகிவிட்டது, செயலி இளையது. மருந்தில்லை.

5. தோழியிற் கூட்டம்

பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஹாட்ஸ்பாட் இத்துறையில் அடங்கும். அதில் செயலி இறங்கினால் குற்றம் நம் இணைப்பில். அதிலும் இறங்காவிட்டால் பெரும்பாலும் நம் கருவியில். நோய் நாடும் இத்துணைச் சிறந்த கருவி வேறில்லை. காரியம் முடிந்ததும் தோழி கடவுச்சொல்லை மாற்றிவிடுவது உலக வழக்கு.

6. மருந்தியல்

ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தால் செல்பேசி கோபுரத்திடம் புதிதாகப் பெயர் பதியும். பிளே ஸ்டோரின் கேஷை அழித்தால் பாதியில் நின்ற எச்சங்கள் போகும். கணக்கும் படங்களும் போகா. அணைத்துப் போடுவது இத்தகைய பல மருந்துகளை ஒரே விழுங்கில் கொடுப்பது. ஆகவே அது பலிக்கிறது. எது பலித்தது என்று மட்டும் தெரியாது. ஃபேக்டரி ரீசெட் துறவறம். படங்களை வேறிடத்தில் சேமிக்காமல் இல்லறத்தார் அதை நாடலாகாது, அத்தைமார் ஒருக்காலும்.

7. முடிவுரை

இவை எதிலும் அடங்காத ஒரு வகை உண்டு. குற்றம் நம் கையிலும் இல்லை, கோபுரத்திலும் இல்லை. எங்கோ உள்ள சர்வரில் இருக்கிறது. அங்கே யாரோ சரிசெய்ததும் இங்கே தானாக இறங்கிவிடும். அந்நேரம் செல்பேசி யார் கையில் இருந்ததோ அவரே குடும்பத்தின் நிபுணர் என்று அறிவிக்கப்படுவார். அடுத்த தெருவிலிருந்தும் அவரைத் தேடி வருவார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த இந்நிகழ்வை விரிவாக ஆராய வேண்டும். ஆனால் காக்கைகள் எவையும் இதுவரை பேட்டிக்கு இசையவில்லை.