எட்டு கிராம் மாப்பிள்ளை

வாடா பேராண்டி, இப்படித் திண்ணையில குந்து. காலேஜ் ரெண்டாவது வருஷத்துலயே கல்யாணம் பண்ணிக்கப் போறியாமே! கவர்மென்ட்டு அம்பதாயிரம் ரொக்கமும் எட்டு கிராம் தங்கமும் குடுக்கும், அதை வெச்சு மீதிப் படிப்பையும் முடிச்சு ஒரு பைக்கும் வாங்கிடலாம்னு கணக்கு போட்டிருக்கியாமே! உங்கம்மா தலையில அடிச்சிகினு அழுவுறா. அவளுக்கு இன்னா தெரியும்? கல்யாணம்னா புடவைக்குக் கடன், நகைக்குக் கடன், சமையக்காரருக்குப் பாக்கின்னு செலவைத்தான் அவ பார்த்திருக்கா. கல்யாணத்துல வரவு வைக்கிறவனை இப்பதான் பார்க்கிறா. நான் உன் கட்சிடா. சில்லறைச் சந்தேகம் கொஞ்சம் இருக்கு, அதை மட்டும் தீர்த்துட்டுப் போ.

உனக்கு இன்னா வயசு? இருபதா? ஓட்டு போட்டுட்டே, லைசென்ஸ் எடுத்துட்டே. ஆனா 2006ல வந்த குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்துல, 21 வயசு முடியாத ஆம்பளைக்குக் குழந்தைன்னுதான் பேரு. மீசையை எவ்ளோ முறுக்கினாலும் குழந்தைதான். பொண்ணுக்குப் பதினெட்டு முடிஞ்சா போதும். ஆக, ஆபீசுல மனு நீட்டும்போது அவ பெரிய மனுஷி, நீ இடுப்புல தூக்கிகினு போக வேண்டிய ஆளு. சரி, ஒரு வருஷம் பொறுத்துக்கலாம். தங்கம் எங்க ஓடிடப் போவுது?

ஓடிடுச்சுடா. அதுதான் எனக்கும் விசனம். 1989ல கலைஞர் ஆட்சியில, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பேருல ஏழைப் பொண்ணுங்களுக்குக் கல்யாண உதவின்னு அஞ்சாயிரம் ரூபாய்ல ஆரம்பிச்சது. 2011ல ஜெயலலிதாம்மா வந்து, பத்தாவது படிச்சவளுக்கு 25,000, பட்டம் வாங்கினவளுக்கு 50,000, யாரா இருந்தாலும் தாலிக்கு நாலு கிராம்னாங்க. 2016ல நாலு எட்டாச்சு. வீட்டு வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள்ள இருக்கணும், மனுவைக் கல்யாணத்துக்கு முன்னாடியே குடுத்துடணும். அப்புறம் 2022 பட்ஜெட்டுல அந்தத் தாலித் தங்கத்தை நிறுத்திட்டு, அதே மூவலூரம்மா பேருல உயர்கல்வி உறுதித் திட்டம்னு மாத்திட்டாங்க. புதுமைப் பெண்ணுன்னு சொல்றாங்களே, அதேதான். கவர்மென்ட்டு ஸ்கூல்ல ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் படிச்ச பொண்ணு காலேஜ் சேர்ந்தா, மாசம் 1,000 ரூபாய் அவ பேங்க் கணக்குலயே விழுது. கழுத்துக்குப் போன காசு இப்ப புஸ்தகத்துக்குப் போவுது. நீ எவனோ வாட்ஸ்அப்புல அனுப்பின பழைய நோட்டீசைப் பார்த்துட்டு மாப்பிள்ளை முறுக்குல திரியிறே.

அந்த மூவலூரம்மா யாருன்னு தெரியுமா? பொண்ணுங்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுற வழக்கத்தை ஒழிக்கணும்னு ஊர் ஊரா அலைஞ்சவங்க. 1936ல ஒரு நாவல் எழுதினாங்க, ‘தாசிகள் மோசவலை அல்லது மதி பெற்ற மைனர்’னு. உன்னைப் பார்த்தா அந்தத் தலைப்புல பாதி பொருந்துது. மைனர் வந்தாச்சு, மதிதான் இன்னும் வரக் காணோம்.

கோவிச்சுக்காதே, இன்னொரு கதவு தொறந்தேதான் இருக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேருல கலப்புத் திருமண உதவி. எட்டு கிராம் உண்டு, வருமான வரம்பு கிடையாது. ஆனா படிப்பை முடிக்காமப் போய் நின்னா 25,000தான். அதுலயும் பத்தாயிரத்தைச் சேமிப்புப் பத்திரமாக் குடுப்பாங்க, அது காசாகிறதுக்கு அஞ்சு வருஷம். உன்னை மாதிரி ஆளுங்களை அரசாங்கம் முன்னாடியே பார்த்திருக்குடா! தங்கமோ தாலிக்கு. தாலி அவ கழுத்துல. உன் பங்கு இன்னா? முடிச்சு போட்ட கூலி. சாதி பார்த்துக் கட்டுறவனை இந்தப் பக்கம் தடுக்கி விழுந்தாப் பார்க்கலாம், எட்டு கிராமுக்காகச் சாதி பார்க்காமக் கட்ட வந்தவன் நீ ஒருத்தன்தான். சாதி விட்டுச் சாதி கட்டிகினு, வெட்டுக்கும் குத்துக்கும் பயந்து ராத்திரியோட ராத்திரியா பஸ் ஏறுறாங்களே, அவங்களுக்கு ஒரு பிடிமானமா வெச்ச காசு அது. அந்த வரிசையில நீயும் பைக் வாங்க நிக்கிறேன்னா, ஊர்நல அலுவலரம்மா விசாரிக்க வரும்போது மூஞ்சியை எங்க வெச்சிப்பே?

அமெரிக்காவுல படிப்புச் செலவுக்காகவே கல்யாணம் பண்றாங்கன்னு செல்போன்ல காட்டினியாமே. வாஸ்தவம். அங்க படிப்புக்கு அரசாங்க உதவி கேட்டா அப்பன் ஆத்தா வருமானத்தையும் சேர்த்துத்தான் எடை போடுவாங்க. 24 வயசு ஆகியிருக்கணும், இல்ல பட்டாளத்துக்குப் போயிருக்கணும், இல்ல கல்யாணம் ஆகியிருக்கணும், இப்படி ஏதாவது ஒண்ணு இருந்தாத்தான் பெத்தவங்க கணக்கு கழியும். அதுக்காகவே கட்டிக்கலாமான்னு யோசிக்கிற பசங்க இருக்காங்க. ஆனா அப்பன் வருமானம் வெளிய போற வாசல்லயே பொண்டாட்டி வருமானம் உள்ள வந்து குந்திக்கும். அதை உன் செல்போன் காட்டலையா?

அதைவிட பஞ்சாப்காரன் கதை ருசி. பொண்ணு ஐஈஎல்டிஎஸ்னு ஒரு இங்கிலீஷ் பரீட்சையில மார்க் வாங்கிட்டா போதும், மாப்பிள்ளை வீட்டுக்காரன் நிலத்தை வித்தாவது அவ கனடா படிப்புக்குப் பணம் கட்டுவான். அவ படிக்கப் போவா, பின்னாடியே இவன் புருஷன் விசாவுல வேலைக்குப் போவான். பேப்பர்ல வரன் விளம்பரமே பரீட்சை மார்க்கைப் போட்டுத்தான் வந்தது. விமானம் ஏறின சில பொண்ணுங்க அப்புறம் போனையே எடுக்கலை, மாப்பிள்ளை வீடு போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல. போதாக்குறைக்கு 2024 ஜனவரியில கனடாக்காரன், முதுநிலை, முனைவர் மாதிரிப் பெரிய படிப்புன்னாத்தான் புருஷன் பொண்டாட்டிக்கு அந்த வேலை அனுமதின்னு சுருக்கிட்டான். தாலி அப்படியே இருக்கு, சட்டம் மாறிப் போச்சு. நிலம் மட்டும் திரும்பி வரலை.

“காகிதத்துக்குத்தானே தாத்தா, சிநேகிதங்க முன்னாடி ஒரு மாலை மாத்திகினு போட்டோ எடுத்துட்டா முடிஞ்சுது”ன்னு சொல்லப் போறே. அங்கதான் நம்ம காஞ்சிபுரத்து அண்ணாதுரை உன்னை மடக்குறாரு. 1967ல அவர் ஆட்சியில கொண்டு வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத்துக்கு ஐயரும் வேணாம், அக்கினியும் வேணாம். சிநேகிதங்க முன்னாடி மாலையோ மோதிரமோ மாத்திகினாலே செல்லும். வேற ஊருக்காரன் விளையாட்டுக்கு மாலை மாத்தலாம், தமிழ்நாட்டுக்காரன் கொஞ்சம் யோசிச்சுத்தான் மாத்தணும். பிரிஞ்சுடலாம்னா, கட்டின ஒரு வருஷத்துக்குச் சாதாரணமா மனுவே போட முடியாது. ரெண்டு பேரும் ஒத்துகினு கேட்டாலும் ஒரு வருஷம் தனித்தனியா இருந்திருக்கணும், அதுக்கு மேல ஆறு மாசம் ஆறப் போடச் சொல்லுவாங்க. வக்கீல் பீஸ் கட்ட எட்டு கிராமையும் விக்கணும். அதுவும் அவ கழுத்துல கிடக்கு!

நீ எந்த ஊர்ல பொறந்திருக்கேன்னு யோசிச்சியா? ராமானுஜரோட சீடர் கூரத்தாழ்வான் பொறந்த ஊருடா. அவர் வீட்டு வாசக்கதவைச் சாத்துற சத்தம் காஞ்சிபுரத்துல வரதர் சந்நிதி வரைக்கும் கேட்குமாம், அவ்ளோ சொத்து. அத்தனையும் வாரிக் குடுத்துட்டு, ராமானுஜர் கிட்டப் போறேன்னு பொண்டாட்டி ஆண்டாளோட ஸ்ரீரங்கத்துக்கு நடந்தே கிளம்பிட்டாரு. காட்டு வழியில அந்தம்மா, “இங்க பயம் ஏதாவது உண்டா?”ன்னு கேட்டாங்களாம். “மடியில இன்னா வெச்சிருக்கே?”ன்னாரு இவரு. நீங்க சாப்பிடறதுக்குன்னு பொன் வட்டில் ஒண்ணு எடுத்தாந்தேன்னாங்களாம். வாங்கி வீசிட்டு, இனிமே பயமில்லை, நடன்னாரு. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம். அந்த மாதிரி எறியணும்னு உன்னைச் சொல்லலை. எறிஞ்ச வட்டிலை எவன் பொறுக்கினானோன்னு எனக்கே இன்னும் மனசு அடிச்சிக்குது. உனக்குத்தான் கட்டறதுக்கு முன்னாடியே மடி கனக்குது.

சரி, அந்தப் பொண்ணு கிட்ட கேட்டியா? கேட்கலையா! அவ கவர்மென்ட்டு ஸ்கூல்ல படிச்சவதானே? அவளுக்கு மாசம் ஆயிரம் வந்துகினுதான் இருக்கும். 2024லேர்ந்து தமிழ்ப் புதல்வன்னு உனக்கும் ஆயிரம் வருதே, பரோட்டா கடையில கரைக்கிறியே அதுதான். மூணு வருஷப் படிப்புன்னா ஆளுக்கு 36,000. ரெண்டு பேருக்கும் சேர்த்து எவ்ளோ? 72,000. தாலித் தங்கத்துக்கு வெச்ச வருமான வரம்பும் அதே நம்பர்தான்டா. பொருத்தம் பார்க்கிறதுன்னா இப்படிப் பார்க்கணும்! தாலியும் வேணாம், மேளமும் வேணாம், மாமனார் முன்னாடி கை கட்டி நிக்கவும் வேணாம். அந்த மாமனாரைப் பீஸ் கட்டச் சொல்லலாம்னு அடுத்த திட்டம் எதுவும் வெச்சிருக்கியா? வெச்சிருந்தா அதுக்குப் பேரு வரதட்சணை, 1961 சட்டம். வாங்கிட்டு உள்ள போனா குறைஞ்சது அஞ்சு வருஷம், சேமிப்புப் பத்திரம் மாதிரியே.

இல்ல, கட்டித்தான் தீருவேன்னா தாராளமா கட்டு. முகூர்த்தப் பட்டை நானே நெய்யறேன். அட்வான்ஸை மட்டும் இன்னிக்கே வெச்சுடு, வாட்ஸ்அப் நோட்டீசுக்குக் கடன் குடுக்கிற வழக்கம் இந்தத் தறியில இல்லை. கையில இல்லையா? அப்ப ஞாயித்துக்கிழமை காலையில வந்துடு. கோர்வைப் புடவை ஓடிகினு இருக்கு, கரை நாடா தள்ள ஆள் இல்லாம நான் ஒத்தையில அல்லாடுறேன். கூலி அன்னன்னிக்கே கையில. மனு, சான்றிதழ் எதுவும் வேணாம், குளிச்சுட்டு வந்தா போதும்.