எஸ்ஸுக்கு நாலு காய் போதும்

ஸ்கிராபிள் ஆடுகிறவர்களைப் பார்த்தால் எல்லோருக்கும் ஒரு மரியாதை. எதிரே 225 கட்டம், கையில் ஏழு எழுத்து, முகத்தில் ஷேக்ஸ்பியரின் ஒன்றுவிட்ட தம்பி என்கிற களை. ஆங்கிலத்தில் கரை கண்டவர்கள் போலிருக்கிறது என்று நாமும் தள்ளி நின்று கும்பிட்டுவிடுகிறோம். ஆட்டம் பிறந்த கதை தெரிந்தால் இவ்வளவு கும்பிட மாட்டோம். ஆங்கிலத்துக்கும் அதற்கும் ஆரம்பத்திலிருந்தே பெரிய ஒட்டுறவு கிடையாது.

மூலபுருஷர் பெயர் ஆல்ஃபிரட் மோஷர் பட்ஸ். நியூயார்க்கில் கட்டடக் கலைஞராக இருந்தார். பெருமந்தம் அமெரிக்காவைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த 1931இல் கட்டடம் கட்ட ஆளில்லை. பட்ஸுக்கு வேலை போயிற்று. வேலை போனவர்கள் கடன் வாங்குவார்கள், மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். இவர் உட்கார்ந்து உலகத்து ஆட்டங்களை எல்லாம் ரகம் பிரித்தார். பகடை, பிங்கோ போல எண்ணை நம்பியவை ஒன்று. சதுரங்கம் போலக் காய் நகர்த்துபவை இன்னொன்று. எழுத்துகளைக் கலைத்துப் போட்டுச் சொல் தேடுபவை மூன்றாவது. மூன்றாவது ரகத்தில் நல்ல சரக்கு சந்தையில் இல்லை, நாமே ஒன்று செய்து விற்றால் என்ன என்று கணக்குப் போட்டார். வேலையில்லாதவன் பூனையைச் சிரைத்தான் என்பார்கள். பட்ஸுக்கு அகப்பட்ட பூனை ஆங்கில அரிச்சுவடி.

எந்த எழுத்து எத்தனை வேண்டும்? இதற்கு அவருக்கு வழி காட்டியது எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய ‘தங்க வண்டு’ என்ற புதையல் கதை. அதில் ஓர் ஆசாமி, ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்து எது, அடுத்தது எது என்று வரிசைப்படுத்திக்கொண்டு ரகசியக் கடிதத்தை உடைப்பார். யோசனை அபாரம், பட்டியல்தான் தள்ளாட்டம். ஈக்கு அடுத்தபடி ஆங்கிலத்தில் அதிகம் வருவது டீ. போவின் வரிசையில் அதற்குப் பத்தாவது இடம். அதை நம்பி வேறொரு கடிதத்தை உடைத்துத் தோண்டியிருந்தால் புதையலுக்குப் பதில் கிணறு கிடைத்திருக்கும்.

பட்ஸ் யாரையும் நம்பவில்லை. நியூயார்க் டைம்ஸ் முதலான பத்திரிகைகளை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக எண்ணினார். ‘பாவம், மனுஷர் வேலைவாய்ப்பு விளம்பரம் தேடுகிறார்’ என்று மனைவி நீனா நினைத்திருப்பாரோ என்னவோ. அவர் முதல் பக்கத்தில் ஈ எண்ணிக்கொண்டிருந்தார்.

எண்ணி முடித்துச் செய்த பங்கீடு இன்றுவரை ஆங்கில ஆட்டத்தில் அப்படியே நிற்கிறது. ஈ 12, ஏயும் ஐயும் ஒன்பது ஒன்பது, கியூ, இஸட், எக்ஸ், ஜே, கே தலைக்கு ஒன்று, வெற்றுக் காய் இரண்டு, ஆக நூறு. ஆனால் எஸ்ஸில் மட்டும் மனுஷர் வேண்டுமென்றே கஞ்சத்தனம் செய்தார். பத்திரிகையில் எங்கு பார்த்தாலும் எஸ்தான். உள்ளபடி கொடுத்தால், எதிராளி தலையை உடைத்துக்கொண்டு கோத்த சொல்லின் வாலில் ஓர் எஸ்ஸை ஒட்டிப் பன்மையாக்கிவிட்டு, அதற்குள்ள புள்ளியை எல்லாம் அள்ளிக்கொண்டு போவான். அந்தச் சோம்பேறி வருமானம் கூடாது என்று நாலோடு நிறுத்திவிட்டார். எந்த நிதியமைச்சரும் பொறாமைப்பட வேண்டிய முடிவு.

இவ்வளவும் செய்தவருக்கு ஸ்பெல்லிங் வராது! அவரே ஒத்துக்கொண்டது. நீனா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். புருஷன் கண்டுபிடித்த ஆட்டத்தில் புருஷனையே வழக்கமாகத் தோற்கடித்தார். ‘குவிக்ஸாடிக்’ என்று ஒரே சொல்லைப் போட்டு 234 புள்ளி அள்ளினார் என்று ஒரு கதை உண்டு.

ஆட்டத்துக்கு முதலில் ‘லெக்ஸிகோ’ என்று பெயர், பிற்பாடு ‘கிரிஸ்-கிராஸ் வேர்ட்ஸ்’. பார்க்கர் பிரதர்ஸ், மில்டன் பிராட்லி போன்ற பெரிய கம்பெனிகள் எல்லாம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றன. பட்ஸ் பலகையைத் தானே வரைந்து, காயைத் தானே அறுத்து, தெரிந்தவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார். தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1948இல் கனெக்டிகட் மாநிலத்து ஜேம்ஸ் புரூனோ உரிமையை வாங்கினார். ஸ்கிராபிள் என்று பெயர் மாற்றி, ஏழு காயையும் ஒரே மூச்சில் போட்டால் ஐம்பது புள்ளி போனஸ் என்று ஆசையும் காட்டினார். டாட்ஜிங்டவுன் என்ற இடத்தில் கைவிடப்பட்ட பழைய பள்ளிக்கூடத்தை வாடகைக்குப் பிடித்து, மரக்காயில் ஒவ்வோர் எழுத்தாகக் குத்தித் தயாரித்தார். 1949இல் 2,400 பெட்டி விற்று, 450 டாலர் நஷ்டம் சம்பாதித்தார்.

1952இல் மேசீஸ் என்ற பிரம்மாண்ட கடையின் முதலாளி விடுமுறைக்குப் போன இடத்தில் இதை ஆடி மயங்கினாராம். திரும்பி வந்து, நம் கடையில் இது ஏன் இல்லை என்று சத்தம் போட்டாராம். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் தாங்கவில்லை. முன்னே மூஞ்சியைத் திருப்பிக்கொண்ட கம்பெனிகளில் ஒன்றான செல்சோ அண்ட் ரைட்டர், இப்போது உரிமம் வாங்கிக்கொண்டு அச்சடித்துத் தள்ளியது. பட்ஸுக்குப் பெட்டிக்கு ஏறக்குறைய மூன்று சென்ட் வந்தது. மூன்றில் ஒரு பங்கு வரிக்கு, ஒரு பங்கு தானத்துக்கு, மிச்சத்தில் சௌக்கியமாக வாழ்ந்தேன் என்று சொல்லிவிட்டு, 93 வயது வரை இருந்தார். எண்பதுகளில் இன்னோர் ஆட்டமும் கண்டுபிடித்தார். அதற்குக் கம்பெனி வைத்த பெயர் ‘ஆல்ஃபிரட்டின் மற்ற ஆட்டம்’. பெயரிலேயே விதி எழுதியிருந்தது.

நடுவில் ஓர் ஒழுக்கப் போராட்டமும் நடந்தது. தொண்ணூறுகளில், ஸ்கிராபிளுக்கென்றே உள்ள அகராதியில் கெட்ட வார்த்தைகள் இருக்கின்றன என்று புகார் கிளம்ப, வீட்டுப் பதிப்பிலிருந்து அவற்றைக் கழுவித் துடைத்தார்கள். போட்டி ஆடுகிறவர்கள் குதித்தார்கள். வசவாக இருந்தால் என்ன, எட்டெழுத்து இருக்கிறதா, புள்ளி வருகிறதா என்பதே அவர்கள் கட்சி. கடைசியில் குடும்பத்துக்கு ஒரு பட்டியல், போட்டிக்கு ஒரு பட்டியல் என்று சமரசம் ஆயிற்று. ஆக, குழந்தைகளோடு ஆடும்போது நல்லவராகவும் பரிசுப் பணம் வைத்து ஆடும்போது வாய்க்கு வந்ததைச் சொல்பவராகவும் இருக்கலாம்.

அர்த்தம் எக்கேடு கெட்டால் என்ன என்ற இந்தச் சித்தாந்தத்தின் உச்சம் நைஜல் ரிச்சர்ட்ஸ். நியூஸிலாந்துக்காரர், மலேசியாவில் குடியிருப்பவர், தாடிக்காரர். ஆங்கில ஸ்கிராபிளில் ஐந்து முறை உலக சாம்பியன். 2015இல் திடீரென்று பிரெஞ்சு அகராதியை எடுத்து ஒன்பது வாரம் படித்தார். படித்தார் என்பதுகூடத் தப்பு, பார்த்தார். பெல்ஜியம் போய்ப் பிரெஞ்சுப் பட்டத்தை வாங்கிவிட்டு, கைதட்டியவர்களுக்கு நன்றி சொல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேடினார். 2024இல் ஸ்பெயினின் கிரனாடாவில் ஸ்பானியப் பட்டம். ஆடியது 24 ஆட்டம், தோற்றது ஒன்றே ஒன்று. ஸ்பானிய மொழி அவருக்குத் தெரியாது. தாய்ப்பாலோடு அதைக் குடித்து வளர்ந்த மற்றவர்கள் வரிசையாக அவருக்குக் கீழே நின்றார்கள்.