கொஞ்சம் டவுன்

புதுவயலில் யாரும் நொடித்துப் போவதில்லை. டவுன் ஆவார்கள், அவ்வளவுதான்.

அரிசி ஆலைகளால் பேர் வாங்கிய ஊர் இது. காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி போகிற பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும், நெல் அவிக்கிற வாடை மூக்கில் ஏறியதும் எழுந்து இறங்கிவிடலாம். எந்த ஆலைக்காரரிடமாவது ‘வியாபாரம் எப்படிண்ணே?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘டவுன்தான்’ என்பார். நெல் விலை ஏறினால் மில்லு டவுன், கட்டுப்படி ஆகாது. இறங்கினால் மார்க்கெட் டவுன். குடோனில் கிடக்கிற சரக்கு கையைக் கடிக்கும். ஏறவுமில்லை, இறங்கவுமில்லை என்றால் கரண்ட் டவுன். அந்த நேரத்தில், வாசலில் நிற்கும் புதுக் கார் யாருடையது என்று கேட்பது மரியாதையாக இருக்காது.

டவுனில் இருப்பவர்களின் சுறுசுறுப்பையும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பொட்டலம் கட்டி லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி என்றார்கள். தமிழ்நாட்டுக் கடைகளில் சீக்கிரமே 26 கிலோ மூட்டை வந்து உட்கார்ந்துவிட்டது. காலங்காலமாக 25 கிலோ சிப்பம் தூக்கிப் பழகிய தோள்களுக்கு மட்டும் அந்த ஒரு கிலோ கனத்தது.

டவுன் என்கிற வார்த்தையில் யார் மேலும் பழி விழுவதில்லை என்பதுதான் இதன் அருமை. ‘அவர் நொடிச்சுட்டார்’ என்று காதில் விழுந்தால், சம்பந்தம் பேச வந்தவர்கள் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். ‘இப்பக் கொஞ்சம் டவுன்’ என்றால், வோல்டேஜ் மாதிரி ஏதோ குறைந்திருக்கிறது, பொழுது சாய்வதற்குள் வந்துவிடும் என்று இன்னொரு டம்ளர் கேட்பார்கள்.

நிஜமான டவுன் ஒன்றையும் இந்த வட்டாரம் பார்த்திருக்கிறது. 1930களில் உலகமே மந்தத்தில் கிடந்தபோது பர்மாவில் நெல் விலை சரிந்தது. எங்கள் பக்கத்துச் செட்டியார்களிடம் கடன் வாங்கிய அங்கத்திய குடியானவர்களால் திருப்பித் தர முடியவில்லை. பணத்துக்குப் பதிலாக வயல் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில், 1930இல் 6 சதவீத நிலம் அவர்கள் வசம் இருந்தது. 1938இல் 25 சதவீதம். பத்திரத்தைப் பார்த்தால் மிராசுதார், பெட்டியைத் திறந்தால் காலி! 1942இல் ஜப்பான்காரன் உள்ளே நுழைய, கிடைத்த வழியில் ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மா அப்புறம் நிலத்தையும் எடுத்துக்கொண்டது.

நல்ல காலத்தில் பர்மாவில் சம்பாதித்த பணத்தில் வந்திறங்கிய தேக்குத் தூண்கள் பல, பின்னாளில் காரைக்குடி பழம்பொருள் கடைகளில் போய் நின்றன. அப்போதும் ‘முடியலை, வித்துட்டேன்’ என்று எந்த வீட்டுக்காரரும் சொன்னதாக நான் கேட்டதில்லை. ‘சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு நின்னுச்சு’ என்பார்கள்.

எங்களுக்கு டவுன் என்பது ஒரு பதவியும்கூட. 2024இல் பக்கத்துக் கண்டனூரும் கோட்டையூரும் காரைக்குடி மாநகராட்சிக்குள் போய்விட்டன. நாங்கள் டவுன் பஞ்சாயத்தாகவே இருக்கிறோம். வரி ஏறாது என்று டீக்கடையில் பாதிப் பேருக்குச் சந்தோஷம். மனை விலை ஏறாதே என்று மீதிப் பேருக்கு வருத்தம்.

எழுத்தில் இரண்டு டவுனுக்கும் வித்தியாசமில்லை. எங்கள் வாயிலும் பெரிதாக இல்லை. அதனால் வந்த வினைதான் எங்கள் தெரு ஆச்சி விஷயம். சிங்கப்பூரிலிருந்து பேரன் போன் போட்டிருக்கிறான். எடுத்தது வீட்டு வேலைக்கு வருகிற அக்கா. ‘அப்பத்தா எங்கேக்கா?’ என்று கேட்டதற்கு, ‘ஆச்சி டவுனு தம்பி’ என்று சொல்லி வைத்துவிட்டார். ஆச்சி காரைக்குடிக்குக் கடைக்குப் போயிருந்தார்.

அரைமணி நேரத்தில் வாசலில் ஒரு டாக்டர், பங்காளிகள் இருவர், துண்டை வாயில் பொத்தியபடி பழைய கணக்கப்பிள்ளை. ஆச்சி இரண்டு கையிலும் பையோடு பஸ்ஸைவிட்டு இறங்கி நடந்து வந்தார். கூட்டத்தைப் பார்த்ததும் பதறிப்போய், ‘யாருக்கு என்னப்பா?’ என்றார்.

‘உங்களுக்குத்தான் ஆச்சி.’

ஆச்சி ஒருவர் விடாமல் மேலும் கீழும் பார்த்தார். ‘சரி, வந்தது வந்துட்டீக. ஆளுக்கொரு பையைப் பிடிங்க.’