மண்ணுக்குள்ள ஒரு வாரக்குடி

வா பேராண்டி, திண்ணையில உக்காரு. கையில என்ன, பொட்டலமா? வேமா? இதை மண்ணுல போட்டா பயிர் வறட்சியைத் தாங்கும்னு செல்போன்ல பாத்தியா? சரிதான். நம்ம புஞ்சையில சும்மா கெடந்ததைப் பட்டினி போட்டு வெரட்டிட்டு, இப்ப அதையே ரசீதோட வாங்கிட்டு வந்திருக்கே. படிச்ச பிள்ளைல்ல!

முதல்ல ஒன் ஆச்சியைத் தடுத்து நிறுத்து. "காளான் சாதி"ன்னு நீ சொன்னதும் மிளகு அரைக்க அடுப்படிக்குப் போயிட்டா. இது குடை விரிக்கிற காளான் இல்ல தாயி, கண்ணுக்கே தெரியாத பூசணம். வேரைப் பிடுங்கி, சாயத்துல ஊறப்போட்டு, மைக்ராஸ்கோப்புல வச்சாத்தான் வேருக்குள்ள குடியிருக்கது தெரியும். வேர் உட்பூசணம்னு பேரு, ஒன் பொட்டலத்துல வேம்னு போட்டிருக்கது இதைத்தான். இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னு முழிக்கிறியா? ஒரு பயிற்சி முகாமுல வடை குடுத்தாக. வடைக்காகப் போனவன், அது வர்ற வரைக்கும் காதைத் தொறந்து வச்சிருந்தேன். நீங்க அந்நேரம் செல்போனை நோண்டிக்கிட்டிருந்தீக.

சங்கதி இதுதான். பயிருக்கு மண்ணுக்குள்ள ஒரு வாரக்குடி உண்டு. பயிரு வெயில்ல சமைக்கிற சக்கரையில ஒரு பங்கை, சில நேரம் அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும், இந்தப் பூசணத்துக்கு அளக்குது. அதுக்குப் பதிலா அது நூல் விட்டு மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் கொஞ்சம் ஈரத்தையும் கொண்டாந்து சேக்குது. மணிச்சத்து நடக்கமாட்டாத சத்துடா. போட்ட எடத்துலயே சம்மணம் போட்டு உக்காந்துக்கும். வேர், தன்னைச் சுத்தி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்ல இருக்கதை உறிஞ்சிட்டுப் பசியோட நிக்கும். பூசண நூலு பல சென்டிமீட்டர் தள்ளிப் போய் எடுத்தாரும். வேர்த்தூவிகூட நுழைய முடியாத சந்துக்குள்ள அது நுழையும். அதனாலதான் மண்ணு காயிற நேரத்துல, கடைசியா ஒட்டியிருக்க ஈரத்துல கொஞ்சமாச்சும் பயிருக்குக் கெடைக்குது. ஒன் போர் தண்ணி உப்புக் கரிக்குதுன்னு அழுதியே, அங்கயும் இதுக்கு வேலை உண்டு. பயிருக்குள்ள சோடியம் ஏறாம, பொட்டாசியம் கொறையாமப் பாத்துக்க ஒத்தாசை பண்ணும். மண்ணுத் துகளையும் நூலாலக் கட்டி வைக்கும். அந்த மண்ணுல தண்ணி எறங்கும், காத்து போகும்.

இந்த ஒப்பந்தம் நேத்து எழுதுனது இல்ல. ஸ்காட்லாந்துல ரைனிங்கற ஊர்ப் பாறையில 40 கோடி வருசத்துக்கு முந்துன செடிக்குள்ளயே இந்தப் பூசணம் குடியிருந்த அடையாளம் கெடைச்சிருக்கு. அப்ப டி.ஏ.பி. உரமும் இல்ல, மானியமும் இல்ல, ஒன் செல்போனும் இல்ல. செடி எப்பிடியோ பொழைச்சிருக்கு பாத்தியா!

மனுசனுக்குத்தான் இது ரொம்ப லேட்டாத் தெரிஞ்சது. ஜெர்மனியில ஃபிராங்க்னு ஒரு தாவரக்காரர். மண்ணுக்கடியில வெளையிற விலை ஒசந்த காளானை வளக்க வழியிருக்கானு பாரும்யானு அங்கத்து அரசாங்கம் கேட்டுச்சு. மனுசன் மரத்து வேரைத் தோண்டிப் பாத்தாரு. வேரும் பூசணமும் ஒண்ணா வாழுதுன்னு சொல்லி, 1885ல அதுக்குப் பேரும் வச்சாரு. அரசாங்கம் கேட்டது ஒண்ணு, ஆபீசர் எழுதுனது ஒண்ணு. அங்கயும் அப்பிடித்தான் போல. அவர் பாத்தது மரத்து வேர்ப் பூசணம். நம்ம பயிருல இருக்கது அதுக்குப் பங்காளி.

இப்ப ஒன் கதைக்கு வர்றேன். பயிருக்கு மணிச்சத்து பத்தலேன்னா வேருல ஒரு சாறைக் கசியவிட்டுப் பூசணத்தைக் கூப்பிடும். ஸ்ட்ரைகோலாக்டோனாம், எனக்கே பல்லு கட்டின பெறகுதான் வாயில நொழைஞ்சுது. அந்தச் சாறு பட்டதும் பூசணம் கிளை விட்டு வேரைத் தேடி வருதுன்னு 2005ல ஜப்பான்காரக கண்டுபிடிச்சாக. இதை ஒட்டுக்கேட்டு வர்ற களவாணியும் ஒண்ணு உண்டு, நம்ம சோளத்துல வர்ற சுடுமல்லி. நல்லவனைக் கூப்பிட்டாக் கெட்டவனும் வந்து எட்டிப் பாக்கது எல்லா ஊருலயும் உள்ளதுதானே.

நீ என்ன பண்ணுறே? பயிரு வாயைத் தெறக்கும் முன்னாடியே ஏக்கருக்கு ரெண்டு மூட்டை டி.ஏ.பி.யைக் கொட்டுறே. 50 கிலோ மூட்டையில 23 கிலோ மணிச்சத்து. வயிறு ரொம்புன பயிரு எதுக்கு வாரக்குடியைக் கூப்பிடும்? கதவை அடைச்சிருது. போட்டதுல முதல் வெள்ளாமைக்குக் கால் பங்கு போய்ச் சேந்தாலே பெருசு. மிச்சத்தைக் கரிசல்ல இருக்க சுண்ணாம்பு பிடிச்சு வச்சுக்கிருது. சத்து மண்ணுல கெடக்கு, எடுத்துத் தர்ற ஆளைத்தான் நீ வெரட்டிட்டே. அந்தப் பழிக்குப் பரிகாரமாத்தான் இந்தப் பொட்டலம்.

அதோட விட்டியா? வருசம் தவறாம ரொட்டவேட்டரை விட்டு, நூல் வலையைத் தூள் தூளாக்குறே. வெள்ளாமை எடுத்ததும் ஒரு புல்லுகூட நிக்கவிடாம காயப்போடுறே. உயிருள்ள வேர் இல்லாம இந்தப் பூசணம் வளராது. ஆஸ்திரேலியாவுல குயின்ஸ்லாந்துப் பக்கமும் கரிசல் மண்ணுதான். மழை ஈரத்தைச் சேக்கணும்னு அங்க நெலத்தை நீண்ட நாள் தரிசாப் போட்டாக. ஈரம் சேந்துச்சு. வெதைச்ச பயிரு மட்டும் கூனிக் குறுகி நின்னுச்சு. நோண்டிப் பாத்தா, தரிசுல இந்தப் பூசணம் பட்டினி கெடந்து கொறைஞ்சு போயிருக்கு. அவுக பட்டுத் தெரிஞ்சுக்கிட்டாக. நீயும் ஒரு தடவை பட்டாத்தான் நம்புவேன்னா, தாராளமாப் படு. நெலம் ஒன் பேருலதானே இருக்கு.

பொட்டலத்தை என்ன பண்ணனு கேக்குறியா? தூரப் போடாதே, காசு குடுத்ததாச்சே. முதல்ல தேதியைப் பாரு. உள்ள இருக்கது உசுரு, உப்பு இல்ல. வெயில்ல கெடந்தா செத்துரும். மிளகா, தக்காளி நாத்தங்காலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம் எடுத்து, வெதைக்கு அடியில ரெண்டு மூணு சென்டிமீட்டர் ஆழத்துல பரப்பு. முளைச்ச வேரு அதைத் தொட்டுத்தான் எறங்கணும். மண்ணு மேல விபூதி மாதிரித் தூவுனாப் பூசணம் எந்திரிச்சு ஓடி வராது.

"எல்லாப் பயிருக்கும்"னு அட்டையில போட்டிருக்கா? முட்டைக்கோசு, காலிஃபிளவர், முள்ளங்கி, கடுகு, பீட்ரூட்டுக்கெல்லாம் இந்த ஒறவே கெடையாது. அதுக்குப் போடுறது மொட்டைத்தலைக்குச் சீப்பு வாங்குன கதை. தொட்டி நெறையத் தண்ணி நிக்கிற நெல்லு வயல்லயும் இது சொணங்கிப் போகும். ராமநாதபுரத்துப் புழுதி விதைப்புக்குத்தான் தோது.

வேரழுகல் நோய்க்கும் இதையே போடலாமானு கேக்காதே. அதுக்கு வேற ஆளு, டிரைக்கோடெர்மா விரிடி. அது நோய்ப் பூசணத்தைத் தின்னுற பூசணம். கிலோ வெதைக்கு 4 கிராம் கலந்து வெதைக்கணும். மண்ணுல போடணும்னா ஏக்கருக்கு ஒரு கிலோவைத் தொழுவுரத்தோட கலந்து போடு. ஆனா காலையில அதைப் போட்டுட்டு, மனசு கேக்காம சாயந்திரம் பூசணக்கொல்லியையும் ஊத்தாதே. காவலுக்கு ஆளை வச்சிட்டு நீயே அவனை அடிச்சுப் போடுறதுக்கு எதுக்குச் சம்பளம்?

இன்னொண்ணையும் கேட்டுக்க. மழையே பேயலேன்னா எந்தப் பூசணமும் வானத்தைக் கிழிச்சுத் தண்ணி கொண்டாராது. ஈரம் பத்தாத நாள்ல பயிரு இன்னும் கொஞ்சம் தம் கட்டி நிக்கும், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துலதான் சில வருசம் நம்ம வெள்ளாமையே நின்னிருக்கு.

அதனால சொல்றேன். உழவைக் கொறை, ஊடுபயிரு போடு, மண்ணுக்குள்ள ஏதாச்சும் ஒரு வேரு உசுரோட இருக்கும்படி பாத்துக்க. நாளைக்கு விடியக்காலம் நாலு மூலை மண்ணையும் நடுமண்ணையும் எடுத்து மண் பரிசோதனைக்குக் குடு. சீட்டு வர்ற வரைக்கும் அந்த டி.ஏ.பி. மூட்டையோட தையலைப் பிரிக்காதே.