பாவம் அந்த பால் ஜாயிண்ட்

கேள்வி: என்னுடைய 2012 மாடல் தார் சிஆர்டிஇ-யில் முன்பக்கக் கீழ் பால் ஜாயிண்ட் நிலைக்கவே மாட்டேன் என்கிறது. மாற்றிய சில மாதங்களில் பழைய சத்தம் திரும்ப வந்துவிடுகிறது. போடுவதெல்லாம் ஒரிஜினல் பாகம். கோளாறு பாகத்திலா, மெக்கானிக்கிடமா, என் ராசியிலா? (வால்பாறை வாசகர்)

பதில்: ராசியை விட்டுவிடலாம், அதற்கு கிரீஸ் அடிக்க வழியில்லை. கடிதத்தின் கடைசியில் வாசகர் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். இரும்பு பம்பரும் வின்ச்சும் மாட்டியதும் வண்டியின் மூக்கு தாழ்ந்ததாம், அதனால் ‘டார்ஷன் பாரைக் கொஞ்சம் ஏற்றி’ வைத்தாராம். இந்த வழக்கில் முக்கியச் சாட்சி அந்த வரிதான்.

2010-இல் வந்த தார் சிஆர்டிஇ-க்கு முன்பக்கம் கமான் பட்டை கிடையாது. இரண்டு பக்கமும் தனித்தனியாக ஏறி இறங்கும் ஆர்ம்கள், அவற்றைத் தாங்க முறுக்கிக்கொண்டு வேலை செய்யும் ஒரு நீளக் கம்பி. அதுதான் டார்ஷன் பார். அதன் போல்டைத் திருகினால் முன்பக்கம் உயரும். காசு செலவில்லை, கால் மணி நேர வேலை. அதனாலேயே பழைய ஆஃப்ரோடு வண்டிகளில் அதிகம் திருகப்படும் போல்ட் இது.

திருகினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஆகாது. கம்பியின் விறைப்பை அதன் உலோகமும் நீளமும் குறுக்களவும் முடிவு செய்கின்றன. குறுக்களவு 10 சதவீதம் கூடினால் விறைப்பு 46 சதவீதம் கூடும். போல்டைத் திருகும்போது கம்பி தடிப்பதில்லை, ஆர்ம் நிற்கும் கோணம்தான் மாறுகிறது. ஆர்ம் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்க, பால் ஜாயிண்ட் தன் எல்லைக்கு அருகிலேயே நாள் முழுக்க உழைக்கிறது. ரப்பர் உறை ஒரு பக்கம் இழுபட்டுக் கிழிகிறது. சேறும் தண்ணீரும் உள்ளே போய், கிரீஸோடு சேர்ந்து உப்புக்காகிதமாகத் தேய்க்கின்றன. பள்ளத்தில் சக்கரம் இறங்க மிச்ச இடம் இல்லாததால் ஆர்ம் தன் ஸ்டாப்பரில் ‘டங்’ என்று முட்டும். வாசகர் கேட்ட சத்தத்தில் ஒரு பங்கு இதுவாக இருக்க வாய்ப்புண்டு. பால் ஜாயிண்டை மாற்றினாலும் அது போகாது.

சந்தேகத்தைத் தீர்க்க டேப் ஒன்று போதும். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, வீல் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து பார்க்க வேண்டும். பிறகு சர்வீஸ் கையேட்டில் சொன்ன முறைப்படி உயரத்தை அளந்து, அதில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். ஏற்றியது தெரிந்தால் முதலில் இறக்கட்டும், அதன் பிறகு புது ஜாயிண்ட். வின்ச் வேண்டுமென்றால் அந்த எடையைத் தாங்கும் தடித்த டார்ஷன் பார்தான் சரியான வழி. வண்டிக்கு வெளியே துருத்தும் வீலும் ஸ்பேசரும் இருந்தால் அவையும் விசாரணைக்கு வர வேண்டும். டயர் எவ்வளவு வெளியே போகிறதோ அவ்வளவுக்கு பேரிங்கிலும் ஜாயிண்டிலும் நெம்புவிசை கூடும்.

கேள்வி: ஜாக்கி போட்டு டயரை ஆட்டிப் பார்த்த மெக்கானிக், ‘ப்ளேயே இல்லை’ என்கிறார். ஓட்டும்போது சத்தம் வருகிறது. யாரை நம்புவது? (கம்பம் வாசகர்)

பதில்: இருவரும் உண்மையே பேசுகிறார்கள். ஜாக்கி நின்ற இடம்தான் ஏமாற்றியிருக்கிறது.

ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ கீழ் ஆர்மைத் தாங்கும் வண்டியில் ஜாக்கியைச் சேஸிக்கு அடியில் வைத்தால், ஸ்பிரிங் ஆர்மை அமுக்கிக்கொண்டே இருக்கும். தேய்ந்த ஜாயிண்ட் இறுகி நின்று நல்லதுபோலத் தெரியும். அதே ஜாக்கியைக் கீழ் ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் வைத்துச் சக்கரத்தை லேசாகத் தூக்கினால் பாரம் விலகும். டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் மறைந்திருந்த ப்ளே தெரிந்துவிடும். பாரத்தை மேல் ஆர்ம் தாங்கும் வண்டிகளில் இந்த முறை மாறும்.

டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தால், உதவிக்கு ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். மிதித்ததும் அசைவு நின்றால் வீல் பேரிங். நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட், பழைய ரிஜிட் ஆக்ஸில் வண்டியென்றால் கிங்பின். இடவலமாக ஆட்டும்போது மட்டும் அசைந்தால் டை ராட் எண்ட் பக்கம் தேட வேண்டும். இந்த ஒரு சோதனையைச் செய்யாததாலேயே நல்ல பாகங்கள் பல குப்பைக்குப் போகின்றன.

கேள்வி: ஜிப்சி கிங் வைத்திருக்கிறேன். 60-ஐத் தொட்டு ஒரு குழியில் இறங்கினால் ஸ்டியரிங் பேய் பிடித்ததுபோல ஆடுகிறது. ஸ்டியரிங் டேம்பர் புதிதாகப் போட்டேன். கொஞ்ச நாள் அடங்கியது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. (ஊட்டி வாசகர்)

பதில்: இந்தப் பேய்க்கு வேப்பிலை வேண்டாம், இரண்டு பேர் வேண்டும். வண்டி தரையிலேயே நிற்கட்டும். ஒருவர் ஸ்டியரிங்கை இடதும் வலதுமாகச் சின்னச் சின்னதாகத் திருப்ப, மற்றவர் ஒவ்வொரு ஜாயிண்டிலும் கை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முனை நகர்ந்த பிறகே அடுத்த முனை நகரும் இடத்தில் ப்ளே இருக்கிறது. டை ராட் எண்ட், டிராக் லிங்க், ஸ்டியரிங் பாக்ஸ் போல்ட், ஷேக்கிள் புஷ், யூ போல்ட் எல்லாவற்றையும் அப்படியே தொட்டுப் பார்த்துவிடலாம்.

ஜிப்சிக்கு முன்னும் பின்னும் ரிஜிட் ஆக்ஸில், நான்கு மூலையிலும் கமான் பட்டை. கிங்பின் பேரிங்குகள் தேய்ந்து இறுக்கம் தளர்ந்தால் சக்கரம் தானாக ஊசலாட இடம் கிடைத்துவிடும். அந்த இறுக்கத்தை ஷிம் வைத்துச் சரிசெய்வார்கள். ஸ்பிரிங் தராசு கட்டி இழுத்து, எத்தனை கிலோவில் நக்கிள் திரும்புகிறது என்று அளப்பதே முறை. ‘கைக்கே தெரியும்’ என்பவரிடம் இந்த வேலையைக் கொடுக்காமலிருப்பது நல்லது.

வண்டியை உயர்த்த நீள ஷேக்கிள் மாட்டியிருந்தால் அதையும் பார்க்க வேண்டும். ஷேக்கிள் பட்டையின் முன்முனையில் இருக்கும் வண்டிகளில், அது நீண்டால் ஆக்ஸில் முன்பக்கமாகக் குனிந்து காஸ்டர் கோணம் குறையும். காஸ்டர் குறைந்த வண்டிக்கு நேராக ஓடும் பழக்கம் போய்விடும். பட்டைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே ஆப்புத்தகடு வைத்துக் கோணத்தை மீட்கலாம்.

டேம்பர் ஆட்டத்தை அமுக்கி வைக்கும், உண்டாக்கும் காரணத்தைத் தொடாது. அடங்கியிருந்த அந்த நாட்களிலும் உள்ளே தேய்மானம் நடந்துகொண்டுதான் இருந்தது.

கேள்வி: கீழ் ஆர்ம் புஷ்கள் மழைக்காலம் தாண்டுவதில்லை. மாற்றி அலுத்துவிட்டது. (சத்தியமங்கலம் வாசகர்)

பதில்: மழைமீது பழி போடுமுன், போல்டை எந்த நிலையில் இறுக்கினார்கள் என்று கேட்க வேண்டும். இந்த வகை ரப்பர் புஷ் சுழல்வதில்லை, முறுகிக்கொடுக்கும். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே போல்டை முழுதாக இறுக்கிவிட்டால், வண்டி தரையில் இறங்கியதும் புஷ் முறுகிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். ஓடாமல் நிற்கும்போதும் அதற்கு ஓய்வில்லை, சீக்கிரம் வெடித்துவிடும். போல்டை முதலில் லேசாகப் பிடித்து, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இறங்கிய பிறகு கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். செலவில்லாத திருத்தம் இது, ஆனால் அவசரத்தில் முதலில் விடுபடுவதும் இதுதான்.

கேள்வி: ஓடை கடந்து வந்தால் அடுத்த மாதம் வீல் பேரிங் கத்துகிறது. தற்செயலா? (தேனி வாசகர்)

பதில்: தற்செயல் இல்லை. மலையிறங்கி வந்த பிரேக்கின் சூட்டில் ஹப்பும் சுடும். அது சட்டென்று குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஓடைக்கு முன்னால் ஹப் ஆறும்வரை நிற்பது நல்லது. ஆழ்ந்த நீரில் போய்வந்தால் ஹப்பைத் திறந்து பார்க்க வேண்டும். கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. கழுவி, புது கிரீஸ், புது சீல்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் வண்டிக்காரனையே குற்றம் சொல்கிறீர்களே, பாகமே மோசமாக இருக்காதா? (புதுப்பேட்டையில் உதிரிபாகம் தேடும் சென்னை வாசகர்)

பதில்: இருக்கும். பெரிய தயாரிப்பாளருக்கும் அது நேர்ந்திருக்கிறது. டொயோட்டா 2005-இல் அமெரிக்காவில் டக்கோமா, டண்ட்ரா, 4ரன்னர், சிகோயா வண்டிகளில் ஏழு லட்சத்துக்கும் மேலானவற்றைத் திரும்ப அழைத்தது. முன்பக்க பால் ஜாயிண்ட்டின் உருண்டைப் பரப்பில் தயாரிப்பின்போது விழுந்த கீறலால் சீக்கிரம் தேயக்கூடும் என்பதுதான் காரணம். ஆகவே சந்தேகம் நியாயமானது. உயரம், கோணம், உறை, இறுக்கம் நான்கும் சரியாக இருந்தும் தேய்ந்தால் பாகத்தைச் சந்தேகிக்கலாம். கழற்றிய பழைய ஜாயிண்டைக் கடையிலேயே விட்டுவராமல் வாங்கிப் பார்ப்பதும் உதவும். உறை கிழிந்து உள்ளே சேறு இருந்தால் ஒரு கதை, உறை முழுசாக இருந்து உருண்டை மட்டும் தேய்ந்திருந்தால் வேறு கதை.

கேள்வி: வீல் அலைன்மெண்ட் முதலிலா, கடைசியிலா? (கோவை வாசகர்)

பதில்: கடைசியில். தேய்ந்த ஜாயிண்டோடு அலைன்மெண்ட் செய்தால், இயந்திரம் காட்டும் எண் வண்டி நகரும்வரைதான் உண்மை. முதலில் ப்ளே எல்லாம் நீங்க வேண்டும், பிறகு உயரம் சரியாக வேண்டும், அதன் பிறகே காஸ்டர், கேம்பர், டோ. டார்ஷன் பாரை ஒரு சுற்றுத் திருகினாலும் டோ மாறிவிடும் என்பதால் இந்த வரிசை. வேலை முடிந்ததும் முன்னளவும் பின்னளவும் அச்சிட்ட தாளை வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டால், அடுத்த முறை டயர் ஒரு பக்கமாகத் தேயும்போது எங்கிருந்து தேடுவது என்று தெரியும்.