பேராண்டி குடுத்த பட்டம்

வாடா பேராண்டி, உக்காரு. சைக்காலஜி ரெண்டாம் வருஷம்னா சும்மாவா! பேப்பர்ல எந்தப் பொடியன் கத்தியத் தூக்கினாலும், டீ ஆறுறதுக்குள்ள ‘சைக்கோபாத்’துன்னு தீர்ப்பு சொல்லிடுற. ஜட்ஜய்யா பாவம், வருஷக்கணக்குல வாய்தா போட்டுக்கிட்டுக் கெடக்குறாரு.

போன தடவை திண்ணையில நீ விட்டுட்டுப் போன நோட்டை ஒரு புரட்டு புரட்டினேன். கோவிச்சுக்காத. அழகாத்தான் எழுதியிருக்க, படிச்ச மாதிரித்தான் தெரியல. உன் நோட்டுலயே இருக்கு: கனடாக்காரர் ராபர்ட் ஹேர், சைக்கோபாத்தான்னு அளக்கப் பெரியவங்களுக்குன்னு ஒரு பட்டியல் போட்டாரு. 12-லேர்ந்து 18 வயசுப் பசங்களுக்கு 2003-ல தனியா ஒண்ணு வந்துச்சு. 20 அம்சம், ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2ன்னு மார்க்கு. பயிற்சி எடுத்தவங்க பையன்கிட்ட உக்காந்து பேசி, கேஸ் கட்டையும் படிச்சுட்டுப் போடுற மார்க்கு அது. நீ பேப்பர்ல மூஞ்சியப் பாத்தே போட்டுட்ட!

அந்தப் பட்டியல்ல என்னென்ன இருக்கு? சும்மா இருக்க மாட்டான், பொய் சொல்லுவான், முன்கோபம், நாளைக்கு என்னங்கிற யோசனை கிடையாது. பதினாறு வயசுல உங்கப்பன்கிட்ட இதுல எது இல்லைன்னு அப்பத்தாகிட்டக் கேளு. வயசுல துள்ளுற பயலுக பெரும்பாலும் பின்னாடி தானா அடங்கிடுவாங்கன்னு டெரி மோஃபிட் அம்மா 1993-லயே எழுதிட்டாங்க. உங்கப்பன அடக்கினது உங்கம்மா, அது வேற கதை.

பயப்பட வேண்டிய ஆளு வேற. சுருக்குனு கோவம் வந்து கைய நீட்டுறவன் ஒருத்தன். காரியம் ஆகணும்னு நிதானமா அடிச்சுட்டு, அடிபட்டவன் அழுறதப் பாத்துக்கிட்டே சோறு திங்குறவன் இன்னொருத்தன். அந்த ஈவிரக்கமில்லாத குணத்தத்தான் அமெரிக்க மனநல டாக்டருங்க 2013-ல தங்களோட கையேட்டுல தனியாக் குறிச்சு வெச்சாங்க. அவங்களே 18 வயசுக்கு முன்னாடி ‘சமூக விரோத ஆளுமை’ன்னு முத்திரை குத்தக்கூடாதுங்கிறாங்க. நீ 14 வயசுப் பயலுக்குக் குத்தி, ஸ்டேட்டஸும் வெச்சுட்ட.

‘அப்படிப்பட்டவன நாலு சாத்து சாத்தணும் தாத்தா, அடியாத மாடு படியாது’ம்ப. தெரியும். அடிக்காமலே படிய வெச்ச கதையக் கேளு. அமெரிக்காவுல விஸ்கான்சின் மாநிலத்துல, மேடிசன் ஊர்ல மெண்டோட்டான்னு ஒரு சிறார் சிகிச்சை மையம், 1995-ல ஆரம்பிச்சது. சிறார் சிறைக்காரனே ‘எங்களால ஆகாதுப்பா’ன்னு கைவிரிச்ச பயலுகதான் அங்க போவாங்க. பய வம்பு பண்ணுவான், தண்டனை விழும், அதுக்கே வீம்பா இன்னும் பெருசாப் பண்ணுவான், இன்னும் பெரிய தண்டனை. அந்தச் சுத்தை அங்க அறுத்தாங்க. இன்னிக்கு ஒழுங்கா இருந்தா நாளைக்குச் சலுகை, அவ்வளவுதான். குத்துவெட்டுல உள்ள வந்தவன் சனிக்கிழமை பீட்சாவுக்காகக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறான்! மனசு மாறிச்சான்னு என்னைக் கேக்காத. கை அடங்கிச்சு.

உன் பட்டியல்ல 27-க்கு மேல மார்க்கு வாங்கின பயலுகளையே வெளிய விட்டு ரெண்டு வருஷம் கவனிச்சாங்க. மெண்டோட்டா சிகிச்சை கிடைச்சவங்கள விட, கிடைக்காதவங்க மறுபடி அடிதடியில எறங்கினது ரெண்டு மடங்குக்கு மேல. இன்னொரு ஆய்வுல, சிகிச்சை கிடைக்காத கூட்டத்தால 16 உயிர் போயிருந்துச்சு. மெண்டோட்டா பசங்க கையால ஒண்ணுகூட இல்ல.

இரக்கம்லாம் உனக்கு ஒத்து வராது, விடு, கணக்காவது பாரு. மெண்டோட்டாவுக்குக் கூடுதலாச் செலவழிச்ச ஒவ்வொரு டாலருக்கும் ஏழு டாலருக்கு மேல மிச்சமாச்சாம், ஜெயில் செலவு உட்பட. ஏழு மடங்கு திருப்பித் தர்ற சீட்டுக் கம்பெனின்னா நம்ம ஊரே வேட்டிய அடகு வெச்சுப் போட்டிருக்கும். மொத ஆளா உங்கப்பன் நின்னுருப்பான்.